பெர்ல் ஸ்கிரிப்ட் மக்கர் பண்ணுகிறதா? புதிதாக எழுதுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ரெண்டு லாட்டுக்கும் சேர்த்து ரெண்டு ரூபாய்னு காட்டுதுங்க."

பெருந்துறைப் பக்கம் மஞ்சள் வியாபாரக் கணக்கு பார்க்கும் ஒரு தம்பி சாயங்காலம் போனில் சொன்னது இது. விரலி மஞ்சள் பத்து குவிண்டால், தொகை 1,32,500. கிழங்கு மஞ்சள் பத்து குவிண்டால், தொகை 1,19,000. கூட்டினால் 2,51,500 வர வேண்டும். பெர்ல் என்ற கணினி மொழியில் அவர் எழுதிய ஸ்கிரிப்ட் கூட்டிவிட்டு 2 என்று சொல்லியது. மூன்று மணி நேரமாகக் கூட்டல் வரியையே திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கூட்டல் வரியில் ஒரு தப்பும் இல்லை.

பெர்ல் கற்கத் தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். வேரியபிளுக்குள், அதாவது மதிப்பை வைக்கும் பெட்டிக்குள், ஒன்று இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், உள்ளே இருப்பது வேறு. திருப்பூரில் பேக்கிங் லிஸ்ட், நூல் ஸ்டாக் மாதிரியான பழைய பெர்ல் ஸ்கிரிப்டுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. மாலையில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அவர்கள் மறுபடி மறுபடி மாட்டிக்கொள்ளும் இடங்களை, எந்த வரிசையில் சோதிப்பேனோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம். பெர்ல் சொற்களைப் போனில் வாசித்துச் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஸ்கிரிப்டில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில், பெரும்பாலும் சின்ன எழுத்தில் அடியுங்கள். டேட்டா::டம்பர் போல :: வரும் பெயர்களில் ஒவ்வொரு பகுதியின் முதல் எழுத்தும், சிஎஸ்வி, என்எஃப்சி, எஸ்டிடிஅவுட் ஆகியவை முழுவதும் பெரிய எழுத்து. வேரியபிள் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். ஃபைலின் மேலே "யூஸ் யூடிஎஃப்8;" என்று போட்டால் பெர்ல் அதை நிஜமாகவே ஏற்றுக்கொள்ளும்.

முதல் படி: மேலே இரண்டு வரி

லேரி வால் பெர்லை 1987 டிசம்பர் 18 அன்று வெளியிட்டார். அவர் மொழியியல் படித்தவர். மனிதர்கள் பேசும்போது பாதி சொல்லிப் பாதியை விட்டாலும் கேட்பவருக்குப் புரிகிற மாதிரி, பெர்லும் நாம் விட்டதைத் தானே நிரப்பிக்கொண்டு ஓடும். அனுபவசாலிக்கு அது வசதி. புதியவருக்கு அதுதான் குழி. பெயரை ஒரு எழுத்து தப்பாக அடித்தால்கூட "இது புது வேரியபிள் போல" என்று எடுத்துக்கொண்டு காலி மதிப்போடு போய்க்கொண்டே இருக்கும்.

அதைத் தடுக்க, எந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும் தலையில் இந்த இரண்டு வரி இருக்க வேண்டும்:

யூஸ் ஸ்ட்ரிக்ட்;
யூஸ் வார்னிங்ஸ்;

முதலாவது, மை என்ற சொல்லை முன்னால் போட்டு அறிவிக்காத வேரியபிளைப் பயன்படுத்த விடாது. இரண்டாவது, சந்தேகமான எல்லா இடத்திலும் எச்சரிக்கை கொடுக்கும். உங்களிடம் இருக்கும் பெர்ல் எந்தப் பதிப்பு என்று "பெர்ல் -வி" அடித்தால் தெரியும். "யூஸ் வி5.12;" என்று எழுதினால் ஸ்ட்ரிக்ட் தானாக வந்துவிடும். 2022-இல் வந்த 5.36 முதல், "யூஸ் வி5.36;" என்ற ஒரே வரி ஸ்ட்ரிக்ட், வார்னிங்ஸ் இரண்டையும் கொண்டுவரும். லினக்ஸில் பெர்ல் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் ஸ்ட்ராபெரி பெர்ல் இறக்கிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை வருகிறதே என்று வார்னிங்ஸ் வரியை எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியும் அதைத்தான் செய்திருந்தார். அதைத் திரும்பப் போடச் சொன்னேன். உடனே வந்தது: "ஆர்கியுமென்ட் 1,32,500 இஸ்ன்ட் நியூமெரிக் இன் அடிஷன்". அதாவது, கூட்டச் சொன்ன இந்தச் சரக்கு எண்ணே இல்லை. மூன்று மணி நேரத் தேடலுக்கு விடை அந்த ஒரு வரியில் இருந்தது.

விண்டோஸில் முதல் நாளே வரும் இன்னொன்று: "கான்ட் ஓபன் பெர்ல் ஸ்கிரிப்ட்". நோட்பேடில் சேமிக்கும்போது ஃபைல் பெயருக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும், விண்டோஸ் அதைக் காட்டாமல் மறைத்துவிடும். ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி செட்டிங்கை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: எரரை மேலிருந்து படியுங்கள்

திரையில் இருபது எரர் ஓடினால் எல்லோரும் கடைசி வரியைப் பார்க்கிறார்கள். அதுதான் கண்ணெதிரே இருக்கிறது. முதல் எரருக்கு ஏறிப் போங்கள். அதைச் சரிசெய்தால் பாதிக்குமேல் தானாக மறையும். தறியில் ஒரு இழை அறுந்தால் துணி நெடுகத் தெரிகிற மாதிரிதான் இதுவும். ஸ்கிரிப்டை ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சோதிக்க "பெர்ல் -சி" என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். கணக்கு ஃபைலை மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட் என்றால் இது மிக அவசியம்.

"சின்டாக்ஸ் எரர், வரி 12" என்று வந்தால் 11-ஆம் வரியின் முடிவைப் பாருங்கள். செமிகோலன் விடுபட்டிருக்கும். அந்த வரி முடியவில்லை என்று பெர்லுக்கு 12-ஆம் வரியைப் படித்த பிறகுதான் தெரிகிறது, அதனால் அங்கே கை காட்டுகிறது.

"குளோபல் சிம்பல் ... ரிக்வயர்ஸ் எக்ஸ்பிளிசிட் பேக்கேஜ் நேம்" என்பது பயமுறுத்தும் பெயர், விஷயம் சின்னது. ஒன்று, மை போட மறந்திருப்பீர்கள். அல்லது பெயரைத் தப்பாக அடித்திருப்பீர்கள். இன்னொரு வழியும் உண்டு: சுருள் அடைப்புக்குள் மை போட்டு அறிவித்த வேரியபிள் அந்த அடைப்பு மூடியதும் இல்லாமல் போய்விடும். லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) அறிவித்த $மொத்தம் வெளியே கிடைக்காது. லூப்புக்கு மேலே அறிவியுங்கள். ஆங்கிலப் பெயர் வைத்தால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் உண்டு.

இதே எரர் இமெயில் முகவரியிலும் வரும். இரட்டை மேற்கோளுக்குள் @ வந்தால் அதை அர்ரே (மதிப்புகளின் வரிசை) என்று பெர்ல் நினைத்துக்கொள்ளும். முகவரியை ஒற்றை மேற்கோளில் போடுங்கள், அல்லது @ முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் வையுங்கள்.

"கான்ட் ஃபைண்ட் ஸ்ட்ரிங் டெர்மினேட்டர்" என்றால் திறந்த மேற்கோளை மூடவில்லை. "மிஸ்ஸிங் ரைட் கர்லி" என்றால் சுருள் அடைப்பு ஒன்று குறைகிறது. "எல்சீஃப் ஷுட் பி எல்சிஃப்" என்று ஒன்று வரும். பெர்லில் எல்ஸ், இஃப் இரண்டும் ஒட்டிய சொல்லில் நடுவில் ஒரு ஈ கிடையாது, அதைத்தான் சொல்கிறது.

"அன்ரெகக்னைஸ்டு கேரக்டர்" வந்தால் அந்த ஸ்கிரிப்ட் வரிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்பேன். "வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க" என்பார்கள், இல்லையென்றால் வேர்ட் ஃபைல். அந்த வழியில் வரும்போது நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எரர் காட்டும் இடத்தில் அந்தக் குறியை அழித்து, கையால் மறுபடி அடியுங்கள்.

மூன்றாம் படி: உள்ளே இருப்பதைக் கண்ணால் பாருங்கள்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். எரர் இல்லை, ஆனால் விடை தப்பு என்றால், சந்தேகப்படும் வேரியபிளைச் சதுர அடைப்புக்குள் வைத்து அச்சிடுங்கள்:

பிரின்ட் "[$வகை]";

அடைப்பு ஏன்? ஓரத்தில் ஒட்டியிருக்கும் காலி இடமும், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் அப்போதுதான் வெளியே வரும். திரையில் மூன்று விதமாகத் தெரியலாம்.

[விரலி ] என்று வந்தால் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருக்கிறது.

[விரலி என்று வந்து, மூடும் அடைப்பு அடுத்த வரிக்குப் போயிருந்தால் வரிமுடிவு எழுத்து ஒட்டியிருக்கிறது. ஃபைலிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ ஒரு வரியைப் படிக்கும்போது, எண்டர் தட்டியதும் சேர்ந்தே உள்ளே வரும். "சாம்ப் $வரி;" என்று போட்டால் போய்விடும்.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றலில் விடும். மூடும் அடைப்பு வரியின் தொடக்கத்துக்கு வந்து, திறந்த அடைப்பை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்: ]விரலி. முதல் தடவை இதைப் பார்த்தபோது டெர்மினல் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நடந்தது என்னவென்றால், ஃபைல் விண்டோஸில் உருவானது. விண்டோஸ் ஒவ்வொரு வரிமுடிவிலும் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான் வைக்கும். லினக்ஸில் ஓட்டும்போது சாம்ப் கடைசி எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, கேரியேஜ் ரிட்டர்ன் என்ற மற்றதை விட்டுவிடுகிறது. அதை அச்சிட்டால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். பழைய டைப்ரைட்டரில் அடுத்த வரி தொடங்க வண்டியை வலப்பக்கம் தள்ளுவார்களே, அதே வேலை. அடுத்து வரும் அடைப்பு பழையதன் மேல் விழுகிறது.

இதனால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர் விண்டோஸில் எக்செலிலிருந்து ஃபைல் எடுத்து அனுப்புவார், சர்வர் லினக்ஸில் இருக்கும். "விரலி" என்று ஒப்பிட்டால் ஒரு வரிகூடப் பொருந்தாது, எரரும் வராது. சாம்ப்புக்குப் பதிலாக இதைப் போடுங்கள்:

$வரி =~ எஸ்/\ஆர்?\என்$//;

பேக்ஸ்லாஷ் ஆர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேக்ஸ்லாஷ் என்னோடு சேர்த்து எடுத்துவிடு என்று அர்த்தம். ஸ்கிரிப்ட் ஃபைலே விண்டோஸில் எழுதப்பட்டு லினக்ஸுக்குப் போனால், முதல் வரியின் கடைசியில் இதே எழுத்து ஒட்டிக்கொண்டு "பேட் இன்டர்பிரெட்டர்" என்று வரும். எடிட்டரில் வரிமுடிவை யூனிக்ஸ் வகைக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

அர்ரே, ஹாஷ் (பெயர்-மதிப்பு ஜோடிகள்) மாதிரி பெரிய சரக்கைப் பார்க்க டேட்டா::டம்பர் என்ற மாட்யூல் (தயாராக எழுதி வைத்த துணை நிரல்) பெர்லோடு கூடவே வருகிறது. அதில் யூஸ்க்யூக்யூ என்ற அமைப்பை 1 ஆக்கினால், மறைந்திருக்கும் வரிமுடிவு எழுத்துகளையும் எழுதியே காட்டும். தயங்காமல் பயன்படுத்துங்கள்.

"யூஸ் ஆஃப் அன்இனிஷியலைஸ்டு வேல்யூ" என்ற எச்சரிக்கையும் இந்தப் படியில்தான் தீரும். மதிப்பே வைக்காத வேரியபிளைப் பயன்படுத்துகிறீர்கள். ஃபைலின் கடைசியில் காலி வரி இருந்து அதைப் பிரித்தீர்களா, ஹாஷில் இல்லாத பெயரைக் கேட்டீர்களா என்று பாருங்கள். காலி வரியைத் தாண்ட, லூப்பின் தலையிலேயே "நெக்ஸ்ட் அன்லெஸ் $வரி =~ /\எஸ்/;" என்று போட்டுவிடலாம். இங்கே எஸ் பெரிய எழுத்து.

நான்காம் படி: எண்ணா, எழுத்தா?

தம்பியின் இரண்டு ரூபாய்க்கு வருவோம். ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) எண்ணாக மாற்றச் சொன்னால் பெர்ல் இடமிருந்து படித்துக்கொண்டே வரும். எண்ணில் சேராத எழுத்து வந்ததும் நின்றுவிடும். 1,32,500 என்பதில் 1 படித்தது, கமாவில் நின்றது. 1,19,000-லும் அப்படியே. ஒன்றும் ஒன்றும் இரண்டு. நம் லட்சக் கணக்கில் கமா முன்னாலேயே வந்துவிடுவதால் சேதம் பெரிது. 85,000 என்றிருந்தால் 85 ஆகியிருக்கும். கூட்டும் முன் கமாவை எடுத்துவிடுங்கள்:

$தொகை =~ டிஆர்/,//டி;

இதன் உடன்பிறப்பு ஒப்பீடு. எண்களை ஒப்பிட ==, எழுத்துகளை ஒப்பிட ஈக்யூ. இடம் மாற்றிப் போட்டால்:

இஃப் ($வகை == 'கிழங்கு')

இது எப்போதும் உண்மை. விரலி எண்ணாக 0, கிழங்கும் எண்ணாக 0, இரண்டும் சமம் என்று பெர்ல் சொல்லிவிடும். எல்லா மூட்டையும் கிழங்குக் கணக்கில் ஏறிவிடும். ஒற்றை = போட்டுவிட்டால் அது ஒப்பீடே இல்லை, மதிப்பை மாற்றிவிடும். "ஃபவுண்ட் = இன் கண்டிஷனல்" என்று வார்னிங்ஸ் பிடித்துக்கொடுக்கும்.

வரிசைப்படுத்துவதிலும் இதே கதை. வெறும் சார்ட் எழுத்து வரிசைப்படி அடுக்கும், 10 வந்து 9-க்கு முன்னால் நிற்கும். எண் வரிசை வேண்டுமென்றால் சார்ட்டுக்குப் பின்னால் சுருள் அடைப்பில் $ஏ <=> $பி என்று எழுத வேண்டும். இந்த இரண்டும் ஆங்கில ஏ, பி தான், வேறு பெயர் வைக்கக் கூடாது, மையும் போடக் கூடாது.

ஸ்கிரிப்டில் லாட் எண்ணை 010 என்று நேரடியாக எழுதினால் அது எட்டு. முன்னால் பூஜ்யம் வந்தால் பெர்ல் அதை எட்டை அடிப்படையாகக் கொண்ட ஆக்டல் முறையில் படிக்கும். 08 என்று எழுதினால் எரரே வரும். லாட் எண், போன் நம்பர், பின்கோடு இவற்றையெல்லாம் மேற்கோளுக்குள் போட்டு எழுத்தாகவே வைத்திருங்கள். பைசாக் கணக்கில் 0.1-ம் 0.2-ம் கூட்டி 0.3-உடன் == போட்டால் பொருந்தாது. பைனரியில் அந்தப் பின்னங்கள் முழுசாக வராது. பைசாவாக மாற்றி முழு எண்ணில் கணக்குப் போட்டு, கடைசியில் ரூபாயாக்குங்கள்.

ஐந்தாம் படி: வரியைப் பிரிப்பது

விரலி|10|1,32,500 என்ற வரியை இப்படிப் பிரித்தார் ஒரு தங்கை:

மை @புலம் = ஸ்பிளிட் '|', $வரி;

வந்தது ஒவ்வொரு எழுத்தாக உதிர்ந்த குவியல். ஸ்பிளிட்டின் முதல் இடத்தில் மேற்கோளுக்குள் எழுதினாலும் பெர்ல் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாகவே (எழுத்து அமைப்பைத் தேடும் குறிமொழியாகவே) எடுக்கும். அங்கே | என்றால் "இது அல்லது அது". இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லாததால் "ஒன்றுமில்லாத இடத்தில் வெட்டு" என்றாகி, எல்லா எழுத்துக்கும் இடையில் வெட்டிவிட்டது. /\|/ என்று பேக்ஸ்லாஷோடு எழுதுங்கள். புள்ளியில் வெட்டுவதென்றாலும் இதே விதி.

ஸ்பிளிட் இன்னொன்றும் செய்யும்: வரியின் கடைசியில் உள்ள காலிப் புலங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஏழு புலம் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் வருகிறது என்றால் மூன்றாவது இடத்தில் -1 கொடுங்கள்.

எக்செலிலிருந்து வரும் சிஎஸ்வி (கமாவால் புலங்களைப் பிரித்த) ஃபைலை ஸ்பிளிட்டால் கமாவில் வெட்டாதீர்கள். தொகைக்குள்ளேயே கமா இருந்தால் எக்செல் அதை மேற்கோளுக்குள் வைத்து அனுப்பும், நம் ஸ்பிளிட் அந்த மேற்கோளை மதிக்காமல் தொகையை மூன்று துண்டாக்கிவிடும். டெக்ஸ்ட்::சிஎஸ்வி என்ற மாட்யூல் இதற்காகவே இருக்கிறது.

அதை நிறுவாமல் ஓட்டினால் "கான்ட் லொகேட் ... இன் @ஐஎன்சி" என்று வரும். @ஐஎன்சி என்பது பெர்ல் மாட்யூல் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். 1995 முதல் இருக்கும் சிபேன் என்ற மாட்யூல் களஞ்சியத்திலிருந்து, "சிபேன் டெக்ஸ்ட்::சிஎஸ்வி" என்ற கமாண்டில் இறக்கிக்கொள்ளலாம். நிறுவிய பிறகும் அதே எரர் வந்தால் கணினியில் இரண்டு பெர்ல் இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் நிறுவிவிட்டு மற்றதில் ஓட்டுவது அடிக்கடி நடக்கும்.

ஆறாம் படி: $, @, %

$ என்றால் ஒன்று, @ என்றால் வரிசை, % என்றால் பெயரும் மதிப்பும் கொண்ட ஜோடிகள். இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. @மூட்டை என்ற அர்ரேயிலிருந்து முதல் மூட்டையை எடுக்கும்போது $மூட்டை[0] என்று எழுத வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். எடுப்பது ஒன்று, அதனால் $. அப்படி நினைவில் வைத்தால் போதும்.

இதைவிட நுணுக்கமானது:

மை $எண் = @மூட்டை;
மை ($எண்) = @மூட்டை;

முதல் வரியில் $எண்-இல் வருவது மொத்தம் எத்தனை மூட்டை என்ற எண்ணிக்கை. இரண்டாவதில் வருவது முதல் மூட்டையே. ஒரு ஜோடி அடைப்புக்குறிதான் வித்தியாசம். இடப்பக்கம் ஒற்றை இடம் கேட்டால் அர்ரே தன் எண்ணிக்கையைச் சொல்லும், பட்டியல் கேட்டால் உள்ளே இருப்பதைக் கொட்டும். பெயர் வர வேண்டிய இடத்தில் 3, 5 என்று எண் வந்தால் இங்கே வந்து பாருங்கள்.

ஹாஷை நிரப்பும்போது வட்ட அடைப்பு போடுங்கள். சுருள் அடைப்பு போட்டால் அது ரெஃபரன்ஸ் (ஹாஷ் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரி) ஆகிவிடும், "ரெஃபரன்ஸ் ஃபவுண்ட் வேர் ஈவன்-சைஸ்டு லிஸ்ட் எக்ஸ்பெக்டட்" என்று எச்சரிக்கை வரும். ஹாஷிலிருந்து வரும் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுகிறதே என்றும் கேட்கிறார்கள். 2013-இல் வந்த 5.18 முதல் அது வேண்டுமென்றே கலைக்கப்படுகிறது. வரிசை வேண்டுமென்றால் கீஸை (ஹாஷில் உள்ள பெயர்களை) சார்ட் செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஃபைல் திறக்கவில்லை

ஓபன் தோற்றால் பெர்ல் தானாக நிற்காது. நிற்கச் சொல்ல வேண்டும்:

ஓபன் மை $கை, '<', $பெயர் ஆர் டை "$பெயர் திறக்கவில்லை: $!";

$! என்பதில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொன்ன காரணம் இருக்கும். அதை எழுதாமல் விட்டால் ஃபைல் இல்லையா, அனுமதி இல்லையா என்று தெரியாது. ஆர் இருக்கும் இடத்தில் || போடாதீர்கள். அது $பெயர் மேல் ஒட்டிக்கொண்டு, பெயர் காலியா என்று மட்டும் பார்க்கும். ஃபைல் திறக்காவிட்டாலும் டை ஓடாது.

"ஃபைல் அங்கதானுங்க இருக்கு" என்பவர்களிடம் எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டினீர்கள் என்று கேட்பேன். வெறும் பெயர் கொடுத்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் பெர்ல் தேடாது. நீங்கள் நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும். விண்டோஸ் பாதையை இரட்டை மேற்கோளில் எழுதும்போது பேக்ஸ்லாஷுக்கு அடுத்து என், டி போன்ற எழுத்து வந்தால் அது வரிமுடிவாக, டேப்பாக மாறிவிடும். முன்சாய்ந்த கோடு போடுங்கள், விண்டோஸிலும் பெர்ல் அதை ஏற்கும்.

இங்கேயே இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன் பொருந்தாமல் போனால் $1 (அதன் முதல் வட்ட அடைப்பு பிடித்த பகுதி) காலியாகாது, முன்பு பொருந்தியதன் மதிப்பு அப்படியே இருக்கும். அதனால் மேட்சை இஃப்புக்குள் வைத்து, பொருந்தினால் மட்டும் $1-ஐ எடுங்கள். தேதியும் நேரமும் தரும் லோக்கல்டைம் ஃபங்ஷன் மாதத்தை 0-இலிருந்து எண்ணும், ஆண்டை 1900 கழித்துத் தரும். மாதத்தோடு 1, ஆண்டோடு 1900 கூட்டுங்கள். 2025 என்பது 125 என்று வருவது இதனால்தான்.

எட்டாம் படி: தமிழ் எழுத்து

கமாவை எடுத்ததும் தம்பிக்கு 2,51,500 வந்துவிட்டது. அடுத்த போன்: "ஊர்ப் பேரெல்லாம் என்னமோ மாதிரி வருதுங்கண்ணா, நடுவுல வைடு கேரக்டர்னு வேற சொல்லுது." நம் ஊர்ச் சரக்கை நம் எழுத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஈரோடு என்ற சொல்லின் நீளத்தை லெங்த் மூலம் கேளுங்கள். யூஸ் யூடிஎஃப்8 போடாத ஸ்கிரிப்டில் 15 என்று வரும். போட்ட பிறகு 5. நாம் எண்ணினால் ஈ, ரோ, டு என்று 3. மூன்றுமே சரி. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். குறியீடுகள் ஈ, ர, ஓகாரக் குறி, ட, உகாரக் குறி என ஐந்து. நாம் எழுத்து என்று சொல்வது உயிர்மெய்யாகச் சேர்ந்த மூன்று. அப்படி எழுத்து எழுத்தாக எடுக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் \எக்ஸ் இருக்கிறது, பெரிய எழுத்து எக்ஸ். திருப்பிப் போடும் ரிவர்ஸ், துண்டு எடுக்கும் சப்ஸ்டர் இரண்டும் குறியீட்டுக் கணக்கில் வெட்டுவதால்தான் கொம்பும் காலும் தனியாக உதிர்கின்றன.

யூஸ் யூடிஎஃப்8 உங்கள் ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருக்கும் தமிழுக்கு மட்டும்தான். உள்ளே வரும் ஃபைலுக்கும் வெளியே போகும் திரைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். ஓபனில் '<' இருக்கும் இடத்தில் '<:என்கோடிங்(யூடிஎஃப்-8)' என்று எழுதுங்கள். திரைக்கு:

பின்மோட் எஸ்டிடிஅவுட், ':என்கோடிங்(யூடிஎஃப்-8)';

இது இல்லாமல் தமிழை அச்சிட்டால்தான் "வைடு கேரக்டர் இன் பிரின்ட்" வருகிறது. மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டால் எழுத்து இன்னும் மோசமாகும்.

எல்லாம் செய்தும் ஈரோடு ஈரோடுக்குச் சமமில்லை என்று வரலாம். ரோ என்பதை ஒரே ஓகாரக் குறியோடும் வைக்கலாம், ரே எழுதித் துணைக்கால் சேர்த்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, உள்ளே ஒன்று ஐந்து குறியீடு, மற்றது ஆறு. யூனிகோட்::நார்மலைஸ் மாட்யூலில் உள்ள, இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வழியாக இரண்டு பக்கத்தையும் அனுப்பிவிட்டு ஒப்பிடுங்கள்.

ஊர்களை அகரவரிசையில் அடுக்கினால் வெறும் சார்ட் பழனியை முன்னால் வைத்து பவானியைப் பின்னால் தள்ளும். நமக்கு ய, ர, ல, வ, ழ, ள. ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் யூனிகோட் வரிசையில் ழ, வ-வுக்கு முந்தி இருக்கிறது. யூனிகோட்::கொலேட்::லொகேல் மாட்யூலில் தமிழுக்கான டிஏ குறியைக் கொடுத்தால் பவானி தன் இடத்துக்கு வந்துவிடும்.

இன்னும் பிடிபடவில்லையா?

ஃபைலை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலில் பிரச்சினைக்குத் தொடர்பில்லாததை ஒவ்வொன்றாக அழித்து, அழித்த ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். பத்து வரியாகச் சுருங்கும்போது பல நேரம் தப்பு தானாகத் தெரிந்துவிடும். டேட்டாவையும் அப்படியே இரண்டு வரியாக்குங்கள். கையால் கணக்குப் போட்டு விடை தெரிந்த இரண்டு வரியாக இருக்கட்டும். எரருக்கு விளக்கம் வேண்டுமென்றால் "பெர்ல்டாக் பெர்ல்டயாக்" அடியுங்கள், பெர்ல் கொடுக்கும் செய்திகளுக்கு அங்கே பொருள் இருக்கிறது. ஒரு ஃபங்ஷனைப் பற்றி மட்டும் தெரிய "பெர்ல்டாக் -எஃப் ஸ்பிளிட்". இணைய இணைப்பே வேண்டாம்.

யாரிடமாவது கேட்கும்போது "வேலை செய்யலீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பத்து வரியையும், இரண்டு வரி டேட்டாவையும், வந்த விடையையும், வர வேண்டிய விடையையும், எரரை ஒரு எழுத்து மாற்றாமலும் கொடுங்கள். போட்டோ எடுத்து அனுப்பாமல் டெக்ஸ்டாகவே அனுப்புங்கள். அப்போதுதான் எதிரில் இருப்பவர் தன் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியும்.